முழு டாங்க், பழைய டயர்

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

போனில் பேசினால் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். பிறகு யார் முதலில் வைத்தது என்று அம்மாவிடம் பஞ்சாயத்து போகிறது. காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது. உனக்கு இது புதுசாக இருக்கும், பொறுத்துக்கொள்.

சனிக்கிழமை சோதனை ஓட்டம் முடிந்ததும் எங்கள் ஷெட் வாசலுக்கு வந்து, என் ஆட்கள் எட்டுப் பேர் முன்னால், எங்கள் டீம் முதலாளியைப் பற்றி, "அந்த அம்மாவோட பணத்துக்கு நீ வாலாட்டிட்டு நிக்கிற" என்று சொன்னாய். பதினைந்து வருடமாகத் தொழிலாகக் கார் ஓட்டுகிறேன். தோற்றிருக்கிறேன், கவிழ்ந்திருக்கிறேன், இப்படி யாரும் என்னைப் பேசியதில்லை. டயர் மாற்றுகிறவர்கள் எல்லோரும் குனிந்து தரையில் இல்லாத எதையோ தேடினார்கள். அன்றிலிருந்து என்னோடு கண் பார்த்துப் பேசுகிற ஆள் ஷெட்டில் இல்லை.

அது போகட்டும். பந்தயச் சங்கத்துக்கு அவரைப் பற்றி நீ கொடுத்த அறிக்கையின் நகல் நேற்று வந்தது. "முதல் பிரிவில் ஓட்ட இவரை அனுமதிக்கக் கூடாது. அனுபவம் போதாது." இரண்டே வரி. ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதற்குக்கூட நீ இதைவிட அதிகம் பேசுவாய். வாரம் முழுக்கப் பல் டாக்டர், ஞாயிறு ஆனால் மூன்றாம் வளைவில் ஓட்டுநர்களை எச்சரிக்கக் கொடி பிடிக்கிற கூட்டத்துக்குத் தலைவி. இருபது வருடமாக அங்கே நிற்கிறாய், உன் வார்த்தைக்குச் சங்கத்தில் மரியாதை இருக்கிறது. அந்த மரியாதையை என் தலையில்தான் போட வேண்டுமா?

பெயின்ட் அம்மா செய்த குற்றம் என்ன? (பெயின்ட் கம்பெனி முதலாளி என்பதால் ஷெட்டில் அப்படிச் சொல்வோம். நேரில் மேடம்.) ஐம்பது வயதுக்கு மேல் பந்தய ஆசை வந்ததா? மூன்று வருடம் சின்னப் பிரிவுகளில் ஓட்டிவிட்டுத்தான் பெரிய காருக்கு வந்திருக்கிறார். கழுத்து தாங்க வேண்டும் என்று விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்கிறார். சோதனையில் என்னைவிடச் சுற்றுக்கு இரண்டு விநாடிதான் பின்னால். என்னோடு சம்பளத்துக்கு ஓட்டுகிற சில பேரே அதைவிட மோசம்.

பணக்காரர்களைப் பணத்துக்காக உள்ளே விடலாமா என்று நீ கேட்பாய். பணக்காரர்களை வெளியே அனுப்பினால் இந்த விளையாட்டில் யார் மிஞ்சுவார்கள்? நீயும் உன் கொடியும்தான். பந்தயக் கார் முதலில் பணத்தில் ஓடுகிறது, பெட்ரோலெல்லாம் அப்புறம்.

ஏப்ரலில் ஆறு மணி நேரப் பந்தயம். ஒரே காரை அவர், நான், இன்னொருவர் என்று மூன்று பேர் மாறி மாறி ஓட்ட வேண்டும். அவருக்கு லைசென்ஸ் கிடைக்காவிட்டால் டீமை மூடிவிடுவார். எனக்கு முப்பத்தாறு வயது. இனி வேறு யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். இது உனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினாய், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சங்கம் மார்ச் கடைசியில் கூடுகிறது. அதற்குள் அறிக்கையை மாற்று.

உன் தம்பி
(வால் இல்லாதவன்)


பிப்ரவரி 14

தம்பிக்கு,

வால் விஷயத்துக்கு மன்னிப்பு. உன் ஆட்கள் முன்னால் சொல்லியிருக்கக் கூடாது. உன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

இது என் தம்பி ஓட்டுகிற டீம், வேறு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள் என்று நான் முதலிலேயே சங்கத்தில் சொன்னேன். என் வாய் யாருக்கும் பயப்படாது என்று தெரியும், அதனால் நானே பார்ப்பதுதான் நல்லது என்று செயலாளர் சொல்லிவிட்டார். இப்போது அவர் நிம்மதியாக இருக்கிறார், எனக்குத்தான் வீட்டில் போன் மணி அடித்தாலே எரிச்சலாக இருக்கிறது.

ஆசை குற்றம் இல்லை. எனக்கும்தான் இதய ஆப்பரேஷன் செய்ய ஆசை. ஆஸ்பத்திரியையே விலைக்கு வாங்குகிறேன், கத்தியைக் கொடுங்கள் என்றால் கொடுப்பார்களா? சின்னப் பிரிவில் தப்பு செய்தால் கார் சுழன்று மண்ணில் நிற்கும், எல்லோரும் சிரிப்பார்கள். முதல் பிரிவின் வேகத்தில் தப்பு செய்கிறவர் தனியாகப் போக மாட்டார், பக்கத்தில் வருகிறவனையும் இழுத்துக்கொண்டு போவார். அவனுக்கும் வீட்டில் ஒரு அக்கா இருப்பாள்.

இதைப் படித்துவிட்டு உன் மாமா, பேஷன்ட் வாயைத் திறந்து வைத்திருக்கும்போதே பிரசங்கம் செய்து எனக்குப் பழகிவிட்டது என்கிறார். சரி, பிரசங்கத்தை நிறுத்துகிறேன். ஒரே ஒரு கேள்வி.

மூன்றாம் வளைவுக்கு முன்னால் பாதையில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறதல்லவா? சனிக்கிழமை நீ வந்த ஒவ்வொரு சுற்றிலும் காரின் அடிப்பாகம் அங்கே உரசிப் பொறி பறந்தது. டாங்க் நிரம்பிக் கார் கனமாக இருந்தால் அப்படித்தான் உரசும். அந்த அம்மா ஓட்டி வந்தபோது ஒரு தடவைகூட உரசவில்லை. டயரையும் பார்த்தேன். அவர் ஷெட்டை விட்டு வரும்போதெல்லாம் கறுகறுவென்று புதுசு, நீ வரும்போதெல்லாம் தேய்ந்து சாம்பல் பூத்த பழசு. இரண்டு பேரும் ஓட்டியது ஒரே கார்தானே? அவர் இறங்கி நீ ஏறினால் மட்டும் அது ஏன் அவ்வளவு கனக்கிறது? நீ ஒன்றும் அத்தனை குண்டு இல்லை.

இதை நான் அறிக்கையில் எழுதவில்லை. என் கண் தப்பாகப் பார்த்திருக்கலாம் என்று உன்னிடம் கேட்கிறேன். இதற்கு மட்டும் பதில் எழுது.

அக்கா


பிப்ரவரி 20

அக்காவுக்கு,

உன் ஆப்பரேஷன் உதாரணம் சரியில்லை. மேஜையில் படுத்திருப்பவன் வேறு வழியில்லாமல் படுத்திருக்கிறான். நாங்கள் எல்லோரும் ஆபத்து தெரிந்து, நாங்களே பெல்ட்டை இறுக்கிக்கொண்டு உட்காருகிறோம். கூட ஓட்டுகிறவர்கள் அனுபவம் குறைந்தவர்கள் என்பதும் தெரியும். தெரிந்துதான் அவர்களைச் சுற்றிக்கொண்டு போகிறோம். அதற்குப் பெயர்தான் திறமை. நானும் ஒரு காலத்தில் அனுபவமில்லாத பையனாகத்தான் உள்ளே வந்தேன். அன்று எனக்குக் காரைக் கொடுத்ததும் ஒரு பணக்காரர்தான், ஏழைச் சங்கம் இல்லை.

அம்மா போன் செய்தார். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். நீ என்ன சொன்னாய் என்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. பிறந்ததிலிருந்து வீட்டில் எனக்கு இரண்டாவது இடம். பந்தயத்திலாவது முதலிடம் வாங்கலாம் என்று போனேன், அங்கேயும் ஒரு கையில் கொடியோடு நீ முன்னாலேயே போய் நிற்கிறாய்.

டயர், டாங்க் எல்லாம் டீமின் உள் விவகாரம். ஓட்டுகிறவருக்குத் தகுந்தபடி காரைத் தயார் செய்வது எல்லா டீமிலும் நடப்பதுதான். பேச ஒன்றும் இல்லை.

பெயின்ட் அம்மா உன்னைப் பற்றி விசாரித்தார். "உங்க அக்காவுக்கு என் மேல என்ன கோபம்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் பேச்சை மாற்றிவிட்டேன். இங்கே திடீரென்று வெயில் அதிகம். மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


பிப்ரவரி 24

தம்பிக்கு,

கேட்டது ஒன்று, நீ எழுதியது ஒன்பது. அதில் வெயில் வேறு.

தினமும் இரண்டு வேளை பல் தேய்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே வாயைத் திறக்கிறவர்கள்தான் எனக்குச் சோறு போடுகிறார்கள். அவர்கள் எல்லோரும் அந்த ஒரு வாக்கியத்தை வேகமாகச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். உன் கடிதத்தில் டயர் அப்படித்தான் வந்து போனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நீ என்றைக்கும் கெட்டிக்காரன் இல்லை.

ஆக, நான் பார்த்தது சரி. அவருக்குக் காலி டாங்க், புது டயர். உனக்கு முழு டாங்க், பழைய டயர். அந்த இரண்டு விநாடி இப்படித்தான் வந்தது. நேராகப் பார்த்தால் எவ்வளவு? ஆறா, ஏழா?

சங்கத்தை ஏமாற்றியதைப் பிறகு பேசலாம். இது அவருக்குத் தெரியுமா? எனக்கு ராத்திரித் தூக்கம் போனது இந்தக் கேள்வியால்தான். ஏனென்றால், அவருக்குத் தெரியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சனிக்கிழமை இறங்கும்போது அவர் முகத்தைப் பார்த்தேன், பரீட்சையில் பாஸான பெண் மாதிரி இருந்தது.

வளைவுக்கு நூறு மீட்டர் என்று காட்டும் பலகையில்தான் பிரேக்கை அழுத்த அவர் கால் பழகியிருக்கிறது. லேசான காருக்கும் புது டயருக்கும் அது சரி. பந்தயத்தன்று என்ன நடக்கும்? நடுவில் காரை உள்ளே கொண்டுவந்து, டாங்கை நிரப்பி, முந்தினவர் தேய்த்த டயரோடு அவரை உட்கார வைத்து அனுப்புவீர்கள். அவர் அதே பலகையில்தான் பிரேக்கை அழுத்துவார். கார் நிற்காது. நேராக என் வளைவுக்கு வரும், வேலிக்கு வரும். சுற்றிலும் மற்ற கார்கள் இருக்கும், அதில் ஒன்றில் என் தம்பியை மாதிரி ஒருவன் இருப்பான்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அந்த வேலியிலிருந்து ஒருவரைத் தகரம் வெட்டி வெளியே எடுத்தோம். எடுத்து முடிக்கும்வரை அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிழைத்துவிட்டார், இப்போது நடக்கிறார். ஆனால் இன்னொரு தடவை என்னால் முடியாது. அதுவும் முன்பே தெரிந்துகொண்டு நிற்க என்னால் முடியவே முடியாது.

சங்கத்தில் சொன்னால் உனக்கும் உங்கள் எஞ்சினியருக்கும் தடை வரும். அதற்காகத்தான் இதுவரை வாயை மூடிக்கொண்டிருக்கிறேன், நான் ஒன்றும் அரிச்சந்திரன் வீட்டுப் பெண் இல்லை. நீ போய் அவரிடம் சொல். சங்கம் கூடுவதற்குள் சொல். இல்லையென்றால் நான் சொல்வேன், தம்பி என்று பார்க்க மாட்டேன். இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

அக்கா


மார்ச் 3

அக்கா,

அவருக்குத் தெரியாது.

பெரிய கார் வந்த வாரத்தில் ஆரம்பித்தது இது. முதல் நாள் ஓட்டிவிட்டு இறங்கி, திரையில் தன் நேரத்தைப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. உள்ளே அழுகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. "இது எனக்கு வராது போலிருக்கே" என்றார். டீம் அன்றோடு முடிந்தது என்று நினைத்தோம். மறுநாள் நான்தான் எஞ்சினியரிடம் போய், பாவம், ஒரு தடவை புது டயர் போட்டு, டாங்கையும் காலியாக வைத்து அனுப்பலாம், கொஞ்சம் தைரியம் வரட்டும் என்றேன். வந்தது. அன்று ஷெட்டில் எல்லோரையும் உட்கார வைத்துச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் பழைய டயர் போட்டால் நேரம் கூடிவிடும். ஏன் என்று கேட்பாரே? அதனால் மறுபடியும் புதுசு. அதற்கடுத்த வாரமும். பிறகு இதை யாரும் பேசுவதே இல்லை. அடுத்து அவர் ஓட்டப்போகிறார் என்றாலே டயர் ஆள் தானாகப் புது டயரை உருட்டிக்கொண்டு வருவார். முதலாளிக்கு டீயில் சர்க்கரை குறைவு என்று கடைக்காரர் நினைவு வைத்திருக்கிற மாதிரி. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை அக்கா. எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும், எல்லோருக்கும் சம்பளமும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும் போல.

பந்தயத்தன்று அவருக்குக் குறைந்த நேரம் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று இருந்தோம். நூறு மீட்டர் பலகை என் மண்டைக்கு எட்டவே இல்லை. பதினைந்து வருடம் ஓட்டியவனுக்கு எட்டவில்லை. உன் கடிதம் வந்ததிலிருந்து வேறு எதுவுமே ஓடவில்லை.

இரண்டு தடவை அவர் அறைக்குப் போனேன். முதல் தடவை போனில் இருந்தார், திரும்பிவிட்டேன். இரண்டாம் தடவை உட்காரச் சொன்னார், என்ன விஷயம் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். வாய்க்கு வந்தது லீவுதான். எனக்கு எதற்கு லீவு? இப்போது அடுத்த வாரம் வியாழக்கிழமை நான் லீவில் இருக்கிறேன்.

என்னால் முடியவில்லை. நீயே சங்கத்தில் சொல்லிவிடு. என்னைக் கேட்காமல் சொல்லிவிடு.

தம்பி


மார்ச் 6

தம்பிக்கு,

மாட்டேன். போன கடிதத்தில் சொல்வேன் என்று மிரட்டினேன், சங்கம் கூடுகிற அன்றைக்கு வேண்டுமானால் சொல்வேன். அதுவரை மாட்டேன்.

அனுபவம் போதாது என்று அறிக்கையில் எழுதினேனே, அது தப்பு என்று இப்போது தோன்றுகிறது. அனுபவம் ஓட்ட ஓட்ட வரும். ஆனால் சம்பளம் வாங்குகிற ஓட்டுநர் மெதுவாக ஓட்டினால் எஞ்சினியர் ரேடியோவிலேயே திட்டுவார், இறங்கு என்பார். சம்பளம் கொடுக்கிற ஓட்டுநரை யார் திட்டுவது? மூன்று வருடமாக அந்த அம்மா ஓட்டியிருக்கிறார், ஒரு ஆள்கூட அவரிடம் உள்ளதைச் சொல்லவில்லை. பணக்காரர்கள் மேல் எனக்கு இருந்த கோபம் போய், இந்த ஒரு பணக்காரர் மேல் பாவமாக இருக்கிறது. அவருக்கு இதைக் கூடப் பழகியவர் யாராவதுதான் சொல்ல வேண்டும். வெளியாள் வந்து சங்கத்தில் போட்டு உடைத்தால் அவர் தலை நிமிர முடியாது.

லீவுதான் எடுத்திருக்கிறாயே, வியாழக்கிழமை போ. மடியில் கனம் இருக்கிற வரைக்கும் வழியில் பயம்தான், இறக்கி வைத்துவிடு.

வேலை போனால் இங்கே வந்து இரு. மாடி அறையில் துணி காயப் போட்டிருக்கிறேன், எடுத்துவிடுகிறேன்.

அக்கா


மார்ச் 13

அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன்.

ஷெட்டில் இல்லை, அவருடைய ஃபேக்டரியில். சோதனை அறையில் இருந்தார். சுவர் முழுக்கக் கலர் கலராகத் தகடுகள் காய்ந்துகொண்டிருந்தன. அவர் ஒரு தகட்டின் ஓரத்தில் நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "லீவுன்னு சொன்னீங்க?" என்றார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. உட்கார்ந்தால் நிறுத்திவிடுவேன் என்று பயம்.

யாருடைய யோசனை என்று கேட்டார். என்னுடையது என்றேன். எஞ்சினியரும் மற்றவர்களும் நான் சொன்னதைத்தான் செய்தார்கள் என்றேன், அது முக்கால்வாசி உண்மை. சரியான வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டார். ஏழு விநாடி என்றேன்.

அந்தத் தகட்டை மறுபடி நகத்தால் சுரண்டினார். பிறகு சொன்னார்: "சாம்பிள் டப்பாவில மட்டும் நல்ல பெயின்ட் ஊத்திக் காட்டின ஒருத்தரை இதே ரூம்லேருந்துதான் வீட்டுக்கு அனுப்பினேன். என்னைவிட வயசுல பெரியவர்."

தகட்டைத் திருப்பி வைத்தார்.

"என் பொண்ணுகிட்ட பெருமையடிச்சிட்டு இருந்தேன், தம்பி" என்றார். குரல் கொஞ்சமும் உயரவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "நீங்க இனிமே வர வேண்டாம்."

அவ்வளவுதான். மற்ற யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை.

ஃபேக்டரி வாசலில் இருந்த கடையில் ஒரு டீ குடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. உடம்பு லேசாக இருந்தது. இரண்டாவது டீ சொன்ன பிறகுதான் வேலை இல்லை என்பது உறைத்தது, அதைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

உன் மாடி அறை வேண்டாம். காலையிலேயே உன் அறிவுரை ஆரம்பித்துவிடும். அம்மா வீட்டுக்குப் போகிறேன். அங்கே அறிவுரை மாலையில்தான்.

தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

நீ சொல்லிவிட்டாய் என்று படித்ததும் கிளினிக்கில் ஒரு பேஷன்ட்டைக் காக்கவைத்துவிட்டு, உள் அறையில் போய் உட்கார்ந்து அழுதேன். என்னவோ ஏதோ என்று நர்ஸ் உன் மாமாவுக்குப் போன் செய்துவிட்டாள். நல்ல விஷயத்துக்கு அழுகிறேன் என்று அவரை நம்பவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இங்கே நடந்தது உனக்குத் தெரியாது. உன் முதலாளியம்மா போன வாரம் தானாகவே சங்கத்துக்கு வந்தார். முன்பு கொடுத்த நேரம் சரியில்லை, டயரிலும் டாங்கிலும் தப்பு நடந்திருக்கிறது, என் டீம், என் பொறுப்பு, மறுபடி சோதனை வையுங்கள் என்றார். செயலாளருக்குப் பேச்சே வரவில்லை. எனக்கும்தான், அது எவ்வளவு அபூர்வம் என்று உனக்குத் தெரியும்.

நேற்று சோதனை. முழு டாங்க், பழைய டயர். டயரைச் சங்கத்து ஆளே தேர்ந்தெடுத்தார். நான் என் இடத்தில் நின்றேன். முதல் இரண்டு சுற்று மெதுவாகப் போனார். மூன்றாவதில் கொஞ்சம் வேகம் எடுத்தார். பள்ளத்தில் அடி உரசிப் பொறி பறந்தது. பிரேக் விளக்கு எரியவில்லை, எரியவில்லை, பிறகு நூறு மீட்டர் பலகையில் எரிந்தது. பழகின கால் பழகின இடத்தில்தான் அழுத்தியது. கார் வளைவைத் தாண்டி நேராக மண்ணில் இறங்கி, சறுக்கிச் சறுக்கி, வேலிக்கு ஒரு ஆள் நீளம் முன்னால் நின்றது. பாதையில் வேறு கார் கிடையாது. அதுவும் பந்தய வேகம் இல்லை.

நான் ஓடினேன். அவர் தானாகவே இறங்கினார். அடி ஒன்றும் இல்லை. வேலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏப்ரல்ல இங்கதான் வந்திருப்பேன், இல்லையா?"

"ஆமா. இதைவிட வேகமா."

மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொடி பிடிக்கிறவர் உட்காரக் கூடாது என்று சங்கத்து விதி இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "உங்க தம்பி எப்படி இருக்கார்?" என்றார். அம்மா வீட்டில் சாப்பிட்டுத் தூங்குகிறான் என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

முதல் பிரிவு லைசென்ஸ் அவருக்குக் கிடைக்கவில்லை. அவரே வேண்டாம் என்றுவிட்டார். பெரிய காரை ஷெட்டில் நிறுத்திவிட்டு, அதே பந்தயத்தில் இரண்டாம் பிரிவுக் காரில் ஓட்டப்போகிறார். டீமை மூடவில்லை. இனி சோதனையில் யார் ஓட்டினாலும் முழு டாங்க், தேய்ந்த டயர், அதையும் வெளியாள்தான் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். சங்கம் ஒப்புக்கொண்டது. உனக்கும் எஞ்சினியருக்கும் ஆறு மாதத் தடை. அதற்கு நான் பரிந்து பேசவில்லை, பேச மாட்டேன் என்று உனக்கே தெரியும்.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

ஒரு ஆள் நீளம் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. அன்று நான் லீவு கேட்டுவிட்டுத் திரும்பியதோடு விட்டிருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறேன், பிறகு நினைப்பதை நிறுத்திவிட்டு எழுந்து நடக்கிறேன். அம்மா, கூண்டில் போட்ட புலி மாதிரி நடக்காதே என்கிறார்.

தடை சரிதான். வலிக்கிறது, ஆனால் சரிதான். எஞ்சினியரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், இரண்டு திட்டு திட்டிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

நேற்று அம்மாவைக் காரில் கடைக்குக் கூட்டிப் போனேன். தெருவில் சைக்கிள்காரர் ஒருவர் எங்களை முந்திப் போனார், அப்போதும் அம்மா "மெதுவா போடா" என்றார். பந்தயத்தன்று திடலுக்குள் எனக்கு அனுமதி இல்லை. டிவியில்தான் பார்க்க வேண்டும். மூன்றாம் வளைவை நீ பார்த்துக்கொள்.

தம்பி


ஏப்ரல் 14

தம்பிக்கு,

நேற்று பந்தயம் முடிந்ததும் உனக்குப் போன் செய்து "முடிஞ்சுது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். மிச்சத்தை எழுதுகிறேன், இப்போது இதுதான் வசதியாக இருக்கிறது.

நடுவேளையில் அவர் முறை வந்தது. டாங்கை நிரப்பிக்கொண்டு வருகிறார் என்று ரேடியோவில் சொன்னார்கள். என் பக்கத்தில் நின்றவரிடம் கொடியைக் கொடுத்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்தேன், அவ்வளவு வியர்வை. பள்ளத்தில் பொறி பறந்தது. உடனே பிரேக் விளக்கு எரிந்தது. இருநூறு மீட்டருக்கும் முன்னால், தம்பி. அத்தனை தூரத்தில் நான்கூடப் பிரேக் போட மாட்டேன். பெரிய கார்கள் இரண்டு பக்கமும் சீறிக்கொண்டு போயின, அவர் தன் கோட்டை விட்டு இம்மியும் நகரவில்லை. அமைதியாக வளைந்து, அமைதியாகப் போனார். அடுத்த சுற்றும் அப்படியே. அதற்கடுத்ததும்.

அவர் முறை முடிந்து உள்ளே போகும்வரை நான் எதுவும் சாப்பிடவில்லை. போன பிறகு பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டேன்.

அவர்கள் பிரிவில் கடைசி இடம். கடைசியாக வந்த காருக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் அந்தத் திடலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அக்கா


ஏப்ரல் 18

அக்காவுக்கு,

நீ ஒருத்தி இல்லை. நானும் அம்மாவும் இங்கே எழுந்து நின்று கைதட்டினோம். யார் ஜெயித்தது என்று அம்மா கேட்டார், கவனிக்கவில்லை என்றேன்.

பந்தயத்தன்று சாயங்காலம், உன் போனுக்குப் பிறகு, இன்னொரு போன் வந்தது. பின்னால் ஷெட் சத்தம் கேட்டது, யாரோ சுத்தியலைத் தகரத்தில் போட்டார்கள். மேடம்.

"பந்தயம் பார்த்தீங்களா?"

"முழுசாப் பார்த்தேன், மேடம்."

"எப்படி ஓட்டினேன்?"

அருமை என்ற சொல் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது அக்கா. ஒரு வருடம் பழகின நாக்கு. அதை விழுங்கிவிட்டுச் சொன்னேன்: "மெதுவா ஓட்டினீங்க. மூணாம் வளைவுல தேவைக்கு மேல முன்னாடியே பிரேக் போட்டீங்க, பயம் தெரிஞ்சுது. ஆனா ஒரு தடவைகூட யாருக்கும் குறுக்க போகல. ஒழுங்கா ஓட்டினீங்க."

அதோடு வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"இங்க எல்லாரையும் கேட்டுட்டேன்" என்றார். "எட்டுப் பேரும் அருமைன்னு சொல்றாங்க." பிறகு, "எவ்வளவு தூரம் தள்ளிப் பிரேக் போடலாம்?" என்றார்.

சொன்னேன். ஏன் என்று கேட்டார், அதையும் சொன்னேன். அந்த வளைவிலிருந்து அடுத்த வளைவு, அதற்கடுத்தது என்று திடலையே ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டோம். நடுவில் இரண்டு தடவை நான் திட்டிக்கூட விட்டேன், அவர் "ம், சொல்லுங்க" என்றார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தட்டை மூடி வைத்துவிட்டார். திரும்பி வேலைக்கு வா என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த ஓட்டம் முடிந்ததும் கூப்பிடுவேன், எடுப்பீர்களா என்றார். எடுப்பேன் என்றேன்.

போனை வைத்துவிட்டு வந்தால் அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"யாருடா அது, இவ்வளவு நேரம்?"

"முதலாளி."

"உனக்குத்தான் வேலை போயிடுச்சே?"

"ஆமாம்மா, போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

தம்பி